தரையில் ஒரு சொட்டு இல்லை, டேங்கில் மட்டும் குறைகிறது: பழைய டீசல் வண்டியில் கூலண்ட் கசிவைத் தேடிய கதை

வண்டிக்கு 14 வயது, டீசல். வழியில் ஒருநாளும் நின்றதில்லை என்பதால் கொஞ்சம் செல்லம் கொடுத்தே வைத்திருந்தேன். மூன்று மாதம் முன்பு பானட்டைத் திறந்தபோது டேங்கில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தது. ஊற்றினேன். பத்து நாளில் மறுபடியும் அதே கதை. நிறுத்துகிற இடத்தில் தரை காய்ந்து கிடக்கிறது.

ஒழுகாமல் எங்கே போகும்? ஆவியாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊற்றி ஊற்றி ஓட்டினேன். அது தப்பு. மூடி நன்றாக இருக்கும் வண்டியில் கூலண்ட் அப்படிக் குறையாது. ஒரு காலையில் ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வந்தது. சூடு காட்டும் முள்ளோ நடுவிலேயே சாதுவாக நின்றது. ஹீட்டருக்குக் கூலண்ட் போய்ச் சேரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. முள்ளை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. சென்சார் கூலண்டில் முங்கியிருந்தால்தான் அது உண்மை சொல்லும். காற்றுக்குமிழியில் நின்றுவிட்டால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் எல்லாம் சரி என்று காட்டலாம்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். டார்ச் அடித்துப் பார்த்தார், ரேடியேட்டர் ஓரத்தில் வெள்ளைக் கறை. ரேடியேட்டர் மாற்றினோம், குறைவது நிற்கவில்லை. மேல் ஹோஸ் மாற்றினோம், நிற்கவில்லை. அடுத்து அவர் மெதுவாக "ஹெட் கேஸ்கட்டா இருக்கும் சார்" என்றார். எஞ்சினுக்கும் அதன் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு அது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அங்கேதான் நிதானித்தேன். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த மாதிரி எதுவும் இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஹோஸை அமுக்கினால் தொளதொள என்றிருந்தது. கேஸ்கட் போய் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் ஏறுகிறதென்றால், பல நேரம் ஆறின பிறகும் ஹோஸ் விறைப்பாகவே நிற்கும். சந்தேகத்தைத் தீர்க்க, டேங்கின் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையும் செய்தோம். எரிந்த வாயு கலந்தால் அது நிறம் மாறும். கடைசிவரை நீலம்தான். ஆக, ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

அடுத்தது பிரஷர் டெஸ்ட்: கூலண்ட் ஓடும் வழிக்குள் அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்ப்பது. கைப்பம்பால் 1.2 பார் ஏற்றினோம். (உங்கள் மூடியில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அதைத் தாண்டாதீர்கள்.) அப்போதுதான் ஓடி வந்த சூட்டு வண்டி, பம்பின் முள் ஆடவே இல்லை. எல்லோரும் கைவிரித்துவிட்டோம். வீட்டுக்கு வந்தபின் ஒன்று தோன்றியது: ஒழுகுவது ஆறின எஞ்சினில் மட்டும் என்றால்? பம்பைக் கடன் வாங்கி, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யாமலேயே 1.2 ஏற்றினேன். இருபது நிமிடத்தில் 0.8.

எஞ்சினுக்கும், வண்டியின் உட்பகுதியைப் பிரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே கை நுழையாது. செல்போனை வீடியோவில் போட்டு உள்ளே விட்டேன். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் ஹீட்டர் ஹோஸ் வந்து சேரும் பிளாஸ்டிக் இணைப்பு, அதன் அடியில் ஒரு முத்து. நேராகக் கீழே கியர்பாக்ஸின் மேல் இளஞ்சிவப்புப் பொருக்கு. எஞ்சின் சூடானால் பிளாஸ்டிக் விரிந்து அடைத்துக்கொள்கிறது, ஆறினால் சுருங்கிக் கசிகிறது. விழுந்த சொட்டு கியர்பாக்ஸ் மேலேயே காய்ந்துவிடுகிறது. ரேடியேட்டரில் பார்த்த கறை என்றைக்கோ ஊற்றும்போது சிந்தியது போலிருக்கிறது. பாவம், நல்ல ரேடியேட்டர்.

கழற்றினால் உள்ளே இருந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உருண்டையே இல்லை, தட்டையாகி நகத்துக்கு மசியாமல் இருந்தது. பாகம் கையளவுதான். அதை எட்ட ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரி, அதன் தட்டு எல்லாம் வெளியே வர வேண்டும். உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தேன், சிலிக்கான் பசை தடவவில்லை. பிதுங்கும் பசை உள்ளே பிய்ந்து போய் எங்காவது அடைக்கும். போல்ட்டையும் பலம் காட்டி முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் பிளந்துவிடும்.

* * *

மேலே எழுதியவருக்கு இன்னொருவரின் பதில் இது: எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. வெளியே எங்கே தேடினாலும் பொருக்குகூடக் கிடையாது, பிரஷர் மட்டும் இறங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் நிற்கும், அதில் ஒரு தித்திப்பு வாடை. என் வண்டியில் வில்லன் ஈஜிஆர் கூலர். புகையைக் குளிர்விக்கிற அந்தப் பெட்டிக்குள் வெடிப்பு விட்டால் கூலண்ட் புகைவழியிலேயே போய்விடும், தரைக்கு வராது. டீசல்காரர்கள் ஹெட்டைக் கழற்றும் முன் அந்தக் கூலரைத் தனியாக எடுத்து, தண்ணீரில் அமுக்கிக் காற்றுக் கொடுத்துப் பாருங்கள். எனக்குக் குமிழி வந்தது. அதை மாற்றியதோடு சரி.

* * *

நான் மூன்றாவது ஆள். என் வண்டியில் கசிந்தது வாட்டர் பம்ப், கூலண்டைச் சுற்றவைக்கும் பம்ப். பம்பில் ஒரு சின்னத் துளை உண்டு, உள் சீல் தேய்ந்தால் அது வழியாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். என் வண்டியில் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒத்திசைக்கும் பெல்ட்), அதனால் கசிந்ததெல்லாம் கவருக்குள்ளேயே. பெல்ட்டும் நனைந்திருந்தது. பம்ப், பெல்ட், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். பம்பை மட்டும் மாற்றி நனைந்த பெல்ட்டை அப்படியே போடச் சொன்னார் ஒருவர். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் எஞ்சினே போச்சு.

இவ்வளவு கழற்றாமல் அடைப்பான் பவுடர் போட்டால் ஆகாதா? யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

* * *

முதலில் எழுதியவன்தான். முன்பு வேறொரு வண்டியில் போட்டேன். ஓட்டை அடைந்தது, ஹீட்டரும் சேர்ந்து அடைந்தது. வழியில் மாட்டிக்கொண்டு வீடு சேர வேண்டுமென்றால் போடலாம், மற்றபடி வேண்டாம்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று: இணைப்பை மாற்றிய மறுநாளே டேங்கில் ஒரு விரல் குறைந்திருந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கசிவில்லை, உள்ளே சிக்கியிருந்த காற்று. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேலே உள்ள காற்றுத் திருகைத் திறந்து, குமிழி நின்று கூலண்ட் மட்டும் வரும்வரை மெதுவாக ஊற்றினேன். இதெல்லாம் ஆறின எஞ்சினில்தான். சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். கையேட்டில் சொன்ன வகைக் கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்தேன். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு வகையைச் சேர்க்காதீர்கள், நிறத்தை வைத்து வகையைச் சொல்ல முடியாது. வடித்த பழையதைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடவும் வேண்டாம். நாயும் பூனையும் நக்கிவிடும், அது விஷம்.

டேங்கில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். தினமும் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது பார்க்கிறேன். ஆறு வாரம் ஆகிறது, கூலண்ட் கோட்டிலேயே நிற்கிறது. கழற்றிய பழைய ரேடியேட்டர்தான் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதில் ஓட்டையே இல்லை.