கல்யாணப் பத்திரிகைக்கு ஏற்ற கையெழுத்துப் பாணித் தமிழ் எழுத்துரு எது?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்):
தங்கையின் கல்யாணப் பத்திரிகையை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் ஆங்கிலத்திலும் அச்சிட இருக்கிறோம். ஆங்கிலப் பக்கத்துக்கு எட்வர்டியன் ஸ்கிரிப்ட் எழுத்துருவை முடிவு செய்தாயிற்று. அதற்கு இணையாக, எழுத்துகளைக் கோத்து எழுதியது போன்ற ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துரு தமிழில் உண்டா? மணமக்கள் பெயரைத் தங்க ஃபாயிலில் பதிக்க வேண்டும் என்று வீட்டில் விரும்புகிறார்கள்.

பதில் 1 (எழுத்துரு ஆர்வலர், திருநெல்வேலி டவுன்):
கோத்த வடிவத்தைத் தமிழில் தேட வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த ஆங்கில எழுத்துகள் கூர்முனைப் பேனாவின் வழி வந்தவை. கீழே இழுக்கும்போது அழுத்தத்தால் கோடு தடித்து, மேலே ஏறும்போது மயிரிழையாக மெலிந்து, அடுத்த எழுத்தைப் போய்த் தொடும். நம் எழுத்தோ ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது என்பதால், கோடு ஏறத்தாழ ஒரே தடிமனில் ஓட, எழுத்துகள் தனித்தனியே நிற்கும். அதன் ஒயில் சுழிகளிலும் சாய்விலும் கொம்பின் நீட்சியிலும்தான் இருக்கிறது. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் கவிவாணர் அத்தகைய சாய்வுக் கையெழுத்துப் பாணியில் அமைந்தது. பெயரில் லை, னை வந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் கைவிடப்பட்ட, யானைத் துதிக்கைபோல் வளையும் பழைய வடிவத்தைத் தனியே வரைந்து சேர்க்கலாம். அலங்காரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

பதில் 2 (அச்சகத்தார், தென்காசி):
ஃபாயிலில் மயிரிழைக் கோடுகள் அறுந்துவிடும். ஆகவே உங்களுக்குச் சிக்கல் தரப்போவது ஆங்கிலப் பக்கம்தான். அங்கே பெயரைப் பெரிய அளவில் வையுங்கள், முழுவதையும் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள். நம் பெயர்களின் முன்னெழுத்துகள் இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்தாலே அந்த எழுத்துருவில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அவற்றை மட்டும் சாதாரண எழுத்தில் இடலாம். தமிழில் கையெழுத்துப் பாணி மணமக்கள் பெயரோடு நிற்கட்டும். முகூர்த்த விவரத்தையும் உறவினர் பட்டியலையும் நேர் எழுத்தில் அமைத்தால்தான் வயதானவர்கள் வாசிப்பார்கள். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை வளைகோடுகளாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைவடிவங்களாக, மாற்றிவிடுங்கள். இல்லையென்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேட்டவர்:
நன்றி, அண்ணாச்சி. முகப்பில் வரும் 'ஸ்ரீ நெல்லையப்பர் காந்திமதி அம்பாள் துணை' என்ற வரி நான் பார்த்த ஓர் எழுத்துருவில் சரியாகவே வந்தது. ஆனால் வருடத்தையும் மாதத்தையும் குறிக்கும் ௵, ௴ இரண்டும் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 2 (அச்சகத்தார், தென்காசி):
அந்தக் குறிகள் பல எழுத்துருக்களில் இருப்பதில்லை. அவை உள்ள எழுத்துருவிலிருந்து, கோட்டின் தடிமன் ஒத்துப்போகும்படி எடுத்து இடலாம். ஒட்டவில்லை என்றால் வருடம், மாதம் என்று முழுதாக எழுதிவிடுங்கள். பத்திரிகை பார்ப்பவர் யாரும் அதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.