மார்பெலும்பைத் தெளிவாகப் படமெடுக்க ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். குடியாத்தத்தில் ஒரு சிறிய எக்ஸ்ரே நிலையத்தில் டெக்னீஷியனாகப் பணிபுரிகிறேன். வண்டியிலிருந்து விழுந்து, ஹேண்டில்பார் மார்பில் குத்தி வருபவர்கள் இங்கு அதிகம். விலா எலும்புகளில் பெரிய சிக்கல் இல்லை. உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு) மேலுள்ளவற்றை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லியும், கீழுள்ளவற்றை மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லியும் எடுத்துவிடுகிறேன். மார்பெலும்புதான் பாடாய்ப் படுத்துகிறது. நேர்ப்படத்தில் அது முதுகெலும்பின் நிழலில் மறைந்துவிடுவதால், நோயாளியைக் குப்புறக் கிடத்தி, வலது முன்சாய்வாக (வலது முன்பக்கம் மேசையில் படும்படி) 15 முதல் 20 டிகிரி வரை திருப்பி, இதய நிழலின் மேல் அது விழும்படி எடுக்க வேண்டியிருக்கிறது. மார்பில் அடிபட்டவர் எப்படிக் குப்புறப் படுப்பார்? சென்ற வாரம் வந்த பெரியவர் ஒருவர் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "முடியலப்பா" என்று சொல்லிவிட்டார். மல்லாந்த நிலையில் இடது பின்சாய்வாக (இடது பின்பக்கம் மேசையில் படும்படி) எடுத்தாலோ, எலும்பு படம் பதியும் கேசட்டிலிருந்து விலகிவிடுவதால் படம் சற்று மங்குகிறது. பக்கவாட்டுப் படத்துக்குக் கைகளைப் பின்னால் கோத்து நிற்கவும் பலரால் இயலுவதில்லை. எல்லோரையும் சி.டி. ஸ்கேனுக்காக வேலூருக்கு அனுப்புவதும் நியாயமாகப் படவில்லை. இத்தகையோருக்கு நீங்கள் எந்த நிலையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், மெல்ல மூச்சுவிடச் சொல்லி நீண்ட எக்ஸ்போஷர் (கதிர் விழும் நேரம்) கொடுத்து நுரையீரல் கோடுகளை மங்கச் செய்யும் முறை நடைமுறையில் கைகொடுக்கிறதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.