வெள்ளிக்கிழமை ஹலோவீன், உடுப்பு இன்னும் இல்லை

சுதா: ஸ்காபுறோப் பக்கம் ஆரிட்டையும் உடைஞ்ச கறுப்புக் குடை இருக்கோ? சின்னவன் வௌவால் உடுப்புத்தான் வேணுமெண்டு நிக்கிறான், செட்டை தைக்கத்தான் குடை. கடையில 45 டொலர்

தர்சன்: எங்கட கராஜில ரெண்டு கிடக்கு

சுதா: கம்பி வளைஞ்சாலும் பறவாயில்லை. துணி கிழியாமல் இருந்தால் சரி

ரஞ்சி அக்கா: சுதா, துணியைக் கம்பியிலயிருந்து வெட்டாதை, தையலைப் பிரிச்சு எடு. குடையில 8 துண்டு இருக்கும். ஒரு கைக்கு 3 துண்டு சேர்ந்தபடி வெட்டு. 2 எடுத்தால் கை தூக்கேக்க இழுக்கும், 4 எண்டால் தொங்கிக் காலுக்குள்ள மிதிபடும். நடு முனையில 10 செ.மீ. வெட்டி எறி, அது கமக்கட்டுக்குள்ள வாற இடம், விட்டால் அங்கதான் முதல் கிழியும். ஒரு நேர் ஓரத்தை ஹூடியின்ர கைக்குக் கீழ, மற்றதை விலாப் பக்கம் வைச்சுத் தை. வளைஞ்ச ஓரத்தைத் தொடாதை, வௌவால் செட்டை மாதிரித் தெரியிறதே அதாலதான்

ரஞ்சி அக்கா: குண்டூசி குத்தாதை. குடைத் துணியில ஓட்டை அப்படியே நிக்கும். உடுப்புக் கிளிப் போடு

தர்சன்: குளூ கன்னால ஒட்டினால் கெதியா முடியுமே

ரஞ்சி அக்கா: மெல்லிய துணி சூட்டுக்குச் சுருங்கும். வெளியில குளிர் பட்டால் பசை விறைச்சுக் கழரும். தையல்தான்

சுதா: ஹூடி அவன்ர அளவிலயே வாங்கவோ

ரஞ்சி அக்கா: ரெண்டு அளவு பெரிசு. உள்ளுக்கு வின்ரர் ஜக்கெட் போகவேணும். மேல போட்டால் செட்டை மறைஞ்சிடும், பிள்ளை அழும்

பெரியம்மா: மற்றதுகள் என்ன போடினம்

சுதா: பெரியவள் பேய். நடுவிலான் றோபோ

பெரியம்மா: வெள்ளைத் துணி போர்த்துக்கொண்டு பிள்ளை வாசலால போறதோ. நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்

குமார் அண்ணா: அம்மா, இஞ்ச எல்லாப் பிள்ளையளும்தான்

பெரியம்மா: நீ சும்மா இரு

ரஞ்சி அக்கா: சாம்பல் கலர்ப் பெட்சீற் போட்டால் பெரியம்மாவுக்கும் சரி. கண்ணுக்கு ஓட்டை வெட்டாதை, நடக்க நடக்க விலகி ஒண்டும் தெரியாது. முகமளவு வட்டமா வெட்டி, உள்ளுக்கு ஒரு தொப்பியோட சேர்த்துத் தை. கீழ்க்கரை கணுக்காலுக்கு மேல நிக்கட்டும். இனிப்பு வாங்க வீடு வீடாப் போகேக்க, பூசணிக்குள்ள மெழுகுதிரி வைச்சிருக்கிற வாசலும் இருக்கும், துணியில நெருப்புப் பிடிச்சிடும்

பெரியம்மா: சாம்பலும் வேண்டாம்

தர்சன்: றோபோவுக்குப் பெட்டி கொண்டு வாறன். வாழைப்பழப் பெட்டி

ரஞ்சி அக்கா: அதில அடியில பெரிய ஓட்டை. வேற பெட்டி பார். கை ஓட்டை மேல் விளிம்பிலயிருந்து 5 செ.மீ. கீழ. உள்ளுக்கு ரெண்டு துணிப் பட்டி, பாரம் தோளில நிக்கவேணும், இல்லாட்டிக் கழுத்தை அறுக்கும். ஃபொயிலை வெள்ளைப் பசை 2 பங்கு, தண்ணி 1 பங்கு கலந்து ஒட்டு. விளிம்பை 3 செ.மீ. உள்ளுக்கு மடிச்சு ரேப் போடு. மழையெண்டால் முதலில ஊறுறது விளிம்புதான்

சுதா: பெட்டியோட வகுப்பில இருக்கேலாதே அக்கா

ரஞ்சி அக்கா: பள்ளிக்கூடத்துக்குத் தலைப்பெட்டி மட்டும். பின்னேரம் முழுசு. ஆறு தாண்டினால் இருட்டு, மூண்டு பேரின்ர முதுகிலயும் மின்னுற ரேப் ஒட்டு. வௌவாலுக்குக் கட்டாயம்

சுதா: தைக்க மெசின்?

குமார் அண்ணா: சாமத்திய வீட்டோட வாணி வீட்டை போனது

வாணி: ரெண்டு தரம் கோல் பண்ணினன், ஒருத்தரும் வந்து எடுக்கேல்லை

குமார் அண்ணா: எனக்கு ஒரு கோலும் வரேல்லை

வாணி: அண்ணிக்கு அடிச்சனான்

பெரியம்மா: அந்த மணவறைத் துணிக் காசு குடுத்தாச்சோ

வாணி: பெரியம்மா, அதைப் பிறகு கதைப்பம்

ரஞ்சி அக்கா: மெசின் வராட்டிக் கையால தைக்கலாம், ரெட்டை நூல், கிட்டக் கிட்டத் தையல். ஒரு கைக்கு ஒரு மணித்தியாலம்

தர்சன்: குடை கதவடியில வைச்சிருக்கிறன். ஆர் வாறியள்?

சுதா: நாளைக்கு ஆறுக்குப் பிறகு. பேய் என்ன செய்யிறது எண்டு ஆராவது சொல்லுங்கோ

பெரியம்மா: பூசணிக்காய் போடு பிள்ளை