சட்ட விரிவுரையாளர்களுக்கு இணையவழிப் பயிற்சி: உங்கள் உதவி தேவை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். கொழும்பில் சட்டம் கற்பிக்கும் எங்கள் விரிவுரையாளர்களுக்கும் நூலக, அலுவலக ஊழியர்களுக்கும் கல்வித் தொழில்நுட்பத்தில் இணையவழிப் பயிற்சியொன்றைத் தமிழில் நடத்த விரும்புகிறோம். மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளம் எங்களிடம் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலும் விரிவுரைக் குறிப்புகளின் பீடிஎஃப் மட்டுமே ஏற்றப்படுகிறது.

அமெரிக்காவில் ஹார்வர்ட், மினசோட்டா பல்கலைக்கழகங்களின் சட்டப் பள்ளிகள் 1982 இல் இணைந்து தொடங்கிய ‘காலி’ (CALI) என்ற கணினிவழிச் சட்டக் கல்வி நிறுவனத்தின் பாடங்களில், மாணவர் பிழையான விடையைத் தெரிவுசெய்தால் அது ஏன் பிழை என்ற விளக்கம் உடனே கிடைக்கிறது. அவ்வாறே, காணியின் பங்காளி ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்க முற்படும்போது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மற்றப் பங்காளிகளுக்கு வழங்கும் முன்கொள்வனவு உரிமையை (வெளியாருக்கு முன் தாமே வாங்கும் உரிமையை), மூடிலில் விடைக்கேற்பக் கிளைபிரியும் வினாக்களாக அமைக்கப் பழக்க வேண்டும் என்பதே என் முதன்மையான விருப்பம். சூம் வகுப்பு நடத்தக் கற்றுக்கொடுப்பது மட்டும் இனிப் போதாது.

இவ்வாறு பாடம் அமைத்த அனுபவமுள்ளவர்கள், சட்டத்துறையைச் சாராதவர்களாயினும், மாலை வேளைகளில் பயிற்சியளிக்க முன்வருவீர்களா? பழைய தீர்ப்புகளை ஸ்கேன் செய்து, சொல் கொடுத்துத் தேடக்கூடிய வடிவுக்கு மாற்றும் முறையை நூலக ஊழியர்களுக்குக் காட்டக்கூடியவர்களும் தேவை. விருப்பமுள்ளவர்கள், உங்களுக்கு வசதியான நாட்களுடன் இப்பதிவின் கீழ் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.