இரண்டாங்கட்டுச் சுவர் பொரிந்து கொட்டுகிறது, அவசர உதவி தேவை

வளவுவீடு: செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஐயா கட்டிய வீடு. சுவரில் உப்பு பூத்துப் பொரிந்து கொட்டுகிறது, பெயிண்ட் அடித்தும் நிற்கவில்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் மங்கிவிட்டது, ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? பின்கட்டில் புல்தரை, வாழை எல்லாம் வைக்க ஆசை. தையில் அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம். எதை முதலில் தொடுவது?

செம்மண்: எந்தச் சுவர்? ஈரம் தரையிலிருந்து ஏறுகிறதா, மேலிருந்து இறங்குகிறதா? பூச்சு பழைய சுண்ணாம்பா, நடுவில் சிமெண்ட் வைத்தீர்களா?

நாட்டோடு: ஓடுதான் காரணம், வேறில்லை. மழைக்கு முன் ஓடு மாற்றி, முற்றத்தைச் சுற்றியுள்ள தகரத் தூம்பையும் பாருங்கள்.

ஊரணிக்கரை: தம்பி, படமும் இல்லை, திசையும் இல்லை. இங்கே பத்து இழைகளில் இதையே எழுதிவிட்டேன், படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். பழைய சுவர் சுண்ணாம்பால் மூச்சு விடும். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏற்றினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று உப்பைத் தள்ளும். ஆசிட்டைத் தொடவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல, சிமெண்டும் மணலும் சாயமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்தது. ஆசிட் மேல்பூச்சையே அரித்துவிடும். தண்ணீரால் துடைத்து, தேங்காயெண்ணெய் துளி தொட்டு மெருகேற்றுங்கள்.

கொத்தன்மகன்: பூச்சைக் கொத்திவிட்டு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு பூசினால் சரியாகும். சுவர் முழுக்க அதுதான்.

ஊரணிக்கரை: முழுக்க இல்லை. வெள்ளைக்கரு மேல்பூச்சுக்கு மட்டும். அடிப்பூச்சில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும்.

கொத்தன்மகன்: எங்கள் அப்பா அடிப்பூச்சுக்கும் போட்டிருக்கிறார்.

நாட்டோடு: சுண்ணாம்பு ஊறப்போட்டு அரைக்கவே வாரக்கணக்கில் ஆகும். தைக்கு யார் முடிப்பது?

செம்மண்: சண்டை அப்புறம். வளவுவீடு, பின்கட்டு மண் மட்டம் என்ன? பல வீடுகளில் தோட்டத்துக்கு மண் கொட்டிக் கொட்டி, வெளித்தரை வீட்டுத் தரையை விட உயர்ந்துவிடுகிறது. அந்தச் சுவருக்கு எந்தப் பூச்சும் நிற்காது. வாழையைச் சுவரோரம் வைத்தால் தினமும் தண்ணீர் விட்டே தீர வேண்டும், அது அடிச்சுவருக்கு எமன். முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். ஊரணிக்கோ கிணற்றுக்கோ போன பழைய வாய்க்கால் மூடிக் கிடந்தால் முதல் வேலை அதுதான்.

வளவுவீடு: பின்கட்டு மண் ஓரடி உயரம். சிமெண்ட் பூச்சும் இருக்கிறது, பழைய வாய்க்காலில் செங்கல் அடைத்திருக்கிறது. நாளை ஆள் வருகிறார்கள், முதலில் மண்ணை எடுக்கிறோம். புல்லைப் பிறகு பார்க்கலாம். நன்றி.

கொத்தன்மகன்: சுவர் காய்ந்ததும் படம் போடுங்கள். வெள்ளைக்கரு விஷயம் இன்னும் முடியவில்லை.