மலைப்பாம்பு கூண்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. உங்கள் வீட்டுக் கோழிக்கு வந்தது எது?

பாலிக் பூலாவ் மகள்

அம்மாவுடையது எல்லாம் நாட்டுக்கோழி. ஏழு பெட்டை, ஒரு சேவல். கூண்டு அப்பா அடித்தது, கோழி வலையும் மேலே தகரமும். போன அக்டோபர், அதிகாலை மூன்று மணி இருக்கும், ஒரே ஒரு கொக்கரிப்பு கேட்டது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. புரண்டு படுத்துவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆறரைக்கு, இன்னும் இருட்டு, அம்மா பின்பக்கம் இருந்து "இங்க வாம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். அம்மா மெதுவாகப் பேசினாலே ஏதோ பெரிய விஷயம். டார்ச் அடித்துப் பார்த்தேன். மலைப்பாம்பு. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி, அதன் வழியாகத் தலையும் கழுத்தும் வெளியே வந்துவிட்டன. சேவலை விழுங்கிய புடைப்பு மட்டும் உள்ளே சிக்கிக்கொண்டது. முடிச்சு விழுந்த நூலை ஊசிக் காதில் இழுத்த மாதிரி. மேலே கழியில் ஏழு பெட்டையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

பொம்பாவிலிருந்து, அதாவது தீயணைப்புப் படையிலிருந்து, வந்தவர்கள் பிடித்துச் சாக்கில் போடும்போது அது சேவலைக் கக்கிவிட்டது. அம்மா அதைப் பழைய சாரோங்கில் சுற்றி வாழையடியில் புதைத்தார்.

செகாம்புட்வாசி

எங்களுக்கு முசாங். கோலாலம்பூரில் ஏது மரநாய் என்று கேட்காதீர்கள், எங்கள் வரிசையில் பாதி வீட்டுக் கூரைக்குள் அதுதான் குடியிருக்கிறது. அன்று நடுராத்திரி நல்ல பாண்டான் இலை வாசனை வந்தது. யாரோ நாசி லெமாக்குக்குச் சோறு வடிக்கிறார்கள் என்று நினைத்து, எனக்குப் பசிகூட எடுத்தது. அது முசாங்கின் உடம்பு வாசனை என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் ஐந்து கோழி செத்துக் கிடந்தன, தின்றது ஒன்றைத்தான். இப்போது பாண்டான் போட்ட எதையும் என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

தண்ணீர்மலைப் பேரன்

கூண்டைச் சுற்றிப் பெலேராங் (கந்தகத் தூள்) தூவுங்கள், பக்கத்தில் செராய் (எலுமிச்சைப்புல்) நடுங்கள். எங்கள் பாட்டி அப்படித்தான் செய்தார், ஒரு பாம்பு வந்ததில்லை. ஆமாம், அந்தப் பாம்பை ஏன் பாராங் கத்தியால் வெட்டவில்லை?

பட்டர்வர்த் பழைய கை

தம்பி, பெலேராங் எல்லாம் மனசு ஆறுதலுக்கு. நானே இரண்டு கிலோ தூவியவன். மறுவாரம் அந்த மஞ்சள் கோட்டுக்கு மேலேயே பாம்பு ஊர்ந்து போன தடம் இருந்தது. என் கதை அவ்வளவுதான். அந்தத் தூள் கோழிக்குக் கண்ணையும் மூச்சையும் எரிக்கும், ஒரு மழைக்கு அடித்துக்கொண்டும் போகும். செராய் புதருக்குள் எலி கூடு கட்டும், எலியைத் தேடித்தான் பாம்பே வருகிறது. பாராங் பேச்சும் வேண்டாம். மலைப்பாம்பு 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம். 999க்குக் கூப்பிட்டால் பொம்பாவோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துப் போவார்கள்.

தங்கச்சி, கோழி வலை என்பது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். வருவதைத் தடுக்க அரை இஞ்ச் சதுரக் கண், வெல்டு வைத்த கம்பி வலை வாங்க வேண்டும். ஒரு இஞ்ச் கண்ணில் எலியும் குட்டிப் பாம்பும் தாராளமாக நுழையும். வலையை மண்ணுக்குள் ஒரு அடி இறக்குங்கள். தோண்ட முடியாவிட்டால் வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் விரித்துக் கல்லை வையுங்கள், நாய் பறிக்க வந்தாலும் வலைமேல்தான் பறிக்கும். தீனியை ராத்திரி உள்ளே விடாதீர்கள். முட்டையைச் சாயங்காலமே எடுத்துவிடுங்கள். ரம்புத்தான் கிளை கூரையைத் தொட்டால் வெட்டுங்கள், முசாங்குக்கு அதுதான் பாலம். விளக்குப் போட்டால் பாம்பு வராது என்பதும் சும்மா. மலைப்பாம்புக்கு உதட்டோரம் குழிகள் உண்டு, உடம்புச் சூட்டை வைத்தே கோழி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். அப்புறம் பெட்டைகள் ஏன் கத்தவில்லை என்றால், இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அசையாமல் உட்கார்ந்துவிடும்.

தண்ணீர்மலைப் பேரன்

அண்ணே, என் பாட்டி பொய் சொன்னார் என்கிறீர்களா? இருபது வருஷம் கோழி வளர்த்தவர்.

பட்டர்வர்த் பழைய கை

பாட்டியைச் சொல்லவில்லை தம்பி. அவர் வீட்டில் நாலு நாய் இருந்திருக்கும், பேர் பெலேராங்குக்குப் போய்விட்டது.

தண்ணீர்மலைப் பேரன்

இரண்டு நாய்தான்.

சுங்கை ஆரா அம்மா

ராத்திரி ராத்திரி என்கிறீர்கள், எங்களுக்கு வந்தது பட்டப்பகல். பெரிய லோங்காங்கிலிருந்து (சாக்கடைக் கால்வாய்) ஏறி வந்த உடும்பு, என் மகன் உயரம் நீளம். முட்டைப் பெட்டிக்குள் தலையை விட்டு, எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்து நாக்கை நீட்டியது. வாயோரத்தில் மஞ்சள் கரு வழிகிறது. நான் துடைப்பத்தோடு நிற்கிறேன். அவசரமே இல்லாமல் நடந்து போனது. அந்த நடைதான் எனக்கு ஆத்திரம்.

பாலிக் பூலாவ் மகள்

அண்ணே, நான் யோசனை கேட்டு எழுதவில்லை, ஆனாலும் சதுர வலை வாங்கியாகிவிட்டது. கதவு இடைவெளியில் அப்பா பலகை அடித்துவிட்டார். வேறு சேவல் வாங்க மட்டும் அம்மா ஒப்பவில்லை.

இதையெல்லாம் நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெட்டைகள் கத்தாத இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். அந்த மூன்று மணிச் சத்தம் அவருக்கும் கேட்டதாம். மழை என்று அவரும் படுத்துவிட்டாராம்.