அடுத்த தொற்று வந்தால் குமுளிப் பாதையை மறுபடி மூடலாமா?

கூடலூர்ப் பாண்டி:
2025 ஜூலையில் கேரளத்தில் மலப்புரத்திலும் பாலக்காட்டிலும் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தபோது தமிழ்நாட்டு எல்லைச் சாவடிகளில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். அதோடு முடிந்தது. ஆனால் தேனி மாவட்டத்து எங்கள் ஊர் டீக்கடையில் அப்போது ஒரே பேச்சு: "பேசாம 2020ல மாதிரி மொத்தமா மூடிற வேண்டியதுதான?" சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவதே குமுளி வழியாகக் கேரளத்து இடுக்கி மலைக்குப் போய் வாங்கி வரும் ஏலக்காட்டுக் கூலியில்தான். அதனால்தான் இதை இங்கே இழுக்கிறேன்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எல்லையை மூடியது தப்பு. 2020 மார்ச் 23ல் கேரளம் ஊரடங்கு என்றது. மறுநாள் மாலை 6 மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவிலிருந்து நாடே அடைப்பு. தோட்டங்களில் தங்கி வேலை பார்த்தவர்கள் எப்படி ஊர் வந்து சேருவார்கள் என்று இரண்டு பக்கமும் ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. பஸ் கிடையாது, ஜீப் கிடையாது. போடி பக்கம் இராசிங்காபுரத்துக்குக் காட்டு வழியாக நடந்தே இறங்கியவர்கள் அதே வாரத்தில் காட்டுத்தீயில் மாட்டினார்கள். செத்தவர்களில் குழந்தையும் உண்டு. கொரோனாச் சாவுக் கணக்கில் இவர்கள் வர மாட்டார்கள்.

பெரியாறு செல்வி:
தம்பி, நான் கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் செவிலியர். அந்த மார்ச் மாதம் எங்கள் கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். தடுப்பூசி இல்லை. சோதனை முடிவு வர நாள் கணக்கில் ஆகும். காப்பு உடைக்குப் பதில் மழைக்கோட்டு போட்டு நின்றவர்கள் உண்டு. அந்த நிலையில், எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினைந்து பேர், முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு, தார்ப்பாயை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் மலையேறி வருகிறார்கள். ஒருத்தருக்கு இருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் ஒரு தோட்டத்து லயன் (கூலிக்காரர்களின் வரிசை வீடுகள்) முழுக்க இருக்கும்.

திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோயம்பேடு இருக்கிறதே. ஏப்ரல் முழுக்கச் சந்தை ஓடியது. மே 5ல் மூடினார்கள். அதற்குள் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் ஊராகப் போய்விட்டது.

இராசிங்காபுரம் விஷயத்தில் எனக்கு மறுபேச்சு இல்லை. வண்டி வைத்து இறக்கிவிட்டு மூடியிருக்க வேண்டும். அதற்காக மூடியதே தப்பு என்று ஆகாது.

மலைஜீப்:
காய்கறி லாரிக்கு மட்டும் கேட் திறந்தது. கத்தரிக்காய் போகலாம், அதைப் பறித்தவன் போகக் கூடாது. டிரைவருக்கும் கிளீனருக்கும் தொற்று வராது போல.

குமுளி அண்ணாச்சி:
லாரி வராமல் இருந்திருந்தால் குமுளியில் ஒரு வாரத்தில் சோறு பொங்கியிருக்க முடியாது, அதையும் சொல்லுங்க. கேரளத்துக்குக் காய்கறி நிறைய தமிழ்நாட்டிலிருந்துதானே வருது.

நான் செல்வி பக்கமும் இல்லை, பாண்டி பக்கமும் இல்லை. முதல் இரண்டு மாதம் மூடியதை ஏற்கிறேன். கொஞ்ச நாளாவது இலவச மளிகைக் கிட், குடும்பஸ்ரீ (பெண்கள் சுயஉதவி அமைப்பு) சமையற்கூடம் என்று மூடிய கையோடு கேரளம் சோற்றுக்கு வழி செய்தது. என் சண்டை எல்லாம் அப்புறம் வந்த திறப்போடுதான். 2021ல் பஞ்சாயத்துகளை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். சோதனை செய்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்று பார்த்து வகை போடுவது. டி வந்துவிட்டால் கடைக்குப் பூட்டு. உடம்புக்கு முடியாதவன் மட்டும் சோதனைக்குப் போனால் விகிதம் எகிறத்தானே செய்யும்? நல்லா இருக்கிறவன் சோதனைக்கு வரவே பயந்தான். அப்புறம் ஆகஸ்டில், கடைக்கு வருகிறவர் ஒரு ஊசியாவது போட்டிருக்க வேண்டும், இல்லை தொற்று இல்லை என்ற ஆர்டி-பிசிஆர் சோதனைச் சான்று வேண்டும், இல்லை ஏற்கெனவே கொரோனா வந்து ஒரு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று உத்தரவு. கால் கிலோ பருப்பு வாங்க வந்த கிழவியிடம் நான் சான்றிதழ் கேட்கணுமாம். கேட்டால் அடுத்த வாரம் அவள் வேறு கடைக்குப் போவாள். கேட்காவிட்டால் எனக்கு அபராதம்.

கூடலூர்ப் பாண்டி:
அண்ணாச்சி சொல்வது என் வாதத்துக்குத்தான் வலு. அவ்வளவு மூடியும் 2021 ஆகஸ்ட் கடைசியில் கேரளத்தில் ஒரே நாளில் 30 ஆயிரத்துக்கு மேல் தொற்று. அன்றைக்குத் தமிழ்நாட்டில் இரண்டாயிரம்கூட இல்லை. நிலைமை தலைகீழாகி, ஆகஸ்ட் 5லிருந்து கேரளத்திலிருந்து வருகிறவரிடம் தமிழ்நாடு சான்றிதழ் கேட்டது. மூடியதால் கிடைத்தது என்ன?

இன்னொன்று. 2020 மார்ச்சில் கர்நாடகம் காசர்கோட்டுப் பக்கம் சாலையில் மண்ணைக் கொட்டி அடைத்தபோது, மங்களூருக்குப் போக முடியாமல் நோயாளிகள் செத்தார்கள். கேரளம் கொதித்தது, ஏப்ரல் 1ல் கேரள உயர் நீதிமன்றம் தடுப்புகளை எடுக்கச் சொன்னது. நியாயம். அதே கேரளம் மே மாதம் கோவைப் பக்க எல்லையான வாளையாரில் பயண பாஸ் இல்லாதவர்களைச் சாலையில் நிறுத்தியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

பெரியாறு செல்வி:
அந்த 30 ஆயிரத்தை எல்லோரும் சொல்கிறீர்கள், பக்கத்தில் இருக்கிற எண்ணைச் சொல்வதில்லை. 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தது. தமிழ்நாட்டில் 69.2 சதவீதம் பேர் உடலில் எதிர்ப்பணு இருந்தது. கேரளத்தில் 44.4 தான். தடுப்பூசியால் வந்ததும் அதில் சேர்த்தி. அதாவது கேரளத்தில் பாதிக்கு மேல் ஆட்களை நோய் அதுவரை தொடவே இல்லை. அவர்களுக்கு ஆகஸ்டில் வந்தபோது பலர் ஊசி போட்டிருந்தார்கள், ஆஸ்பத்திரியில் படுக்கை இருந்தது, ஆக்சிஜன் இருந்தது. தள்ளிப்போட்டதால் கிடைத்தது அதுதான். மே மாதம் ஆக்சிஜனுக்கு அலைந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், மூன்று மாதம் தள்ளி வந்திருந்தால் தேவலையா இல்லையா என்று.

வாளையாரை விட்டுவிடாதீர்கள். மே 9ல் அங்கே கூட்டத்தோடு நின்று வந்த ஒருவருக்குப் பின்னால் தொற்று உறுதியானது. ஆதரவு சொல்லப் போன எம்பி, எம்எல்ஏக்கள் உட்பட அங்கே இருந்தவர்களைத் தனிமையில் இருக்கச் சொன்னார்கள்.

கூடலூர்ப் பாண்டி:
கூட்டம் ஏன் கூடியது அக்கா? பாஸ் எண்ணி எண்ணிக் கொடுத்ததால்தானே. கதவைச் சாத்தினால் வாசலில் ஆள் சேரத்தான் செய்யும்.

மொத்தச் சாவுக் கணக்கையும் பாருங்கள். கேரளம் 70 ஆயிரத்துக்கு மேல், தமிழ்நாடு 38 ஆயிரம். மக்கள்தொகை தமிழ்நாட்டில் இரண்டு மடங்கு.

பெரியாறு செல்வி:
50,000 ரூபாய் நிவாரணம் என்று வந்தபின் கேரளம் பழைய கோப்புகளைப் புரட்டி, விட்டுப்போன சாவுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தது. எண்ணுகிற ஊரில் எண்ணிக்கை கூடும். எண்ணாத ஊரில் சுடுகாட்டுக்காரருக்குத்தான் தெரியும். இந்த இரண்டு எண்ணை வைத்து யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது, விட்டுவிடுவோம்.

சின்னமனூர் வாத்தியார்:
எல்லை, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் பேசியாச்சு. பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தது, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

2020 மே 7ல் டாஸ்மாக் திறந்தது. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை ஓடித் தடை வாங்கி, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. ஒன்பதே நாளில் இவ்வளவும். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தது 2021 நவம்பர் 1. அதற்காக எந்த அரசும் எந்தக் கோர்ட்டுக்கும் ஓடவில்லை. கேரளமும் அதே நவம்பர் 1 தான், அதில் மட்டும் இரண்டு மாநிலத்துக்கும் நல்ல ஒற்றுமை.

பத்தாம் வகுப்புக்குத் தமிழ்நாடு 2020 ஜூனில் எல்லோரும் பாஸ் என்றது. கேரளம் மே கடைசியில் முகக்கவசம் போட்டுத் தேர்வே நடத்தி முடித்தது. அதில் கேரளம்தான் சரி என்பேன். என்னிடம் ஏழாவது படித்த பையன் ஒருவன் மலை திறந்ததும் அம்மாவோடு காய் எடுக்கப் போனான். பள்ளி திறந்தபின் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். ஏலக்காய்ச் செடியின் தூரில் குனிந்து குனிந்து பறித்ததில் நகக்கண் எல்லாம் கறுத்திருந்தது. "கூலி வாங்குறேன் சார்" என்றான். வீட்டுப் பக்கமே வந்து பாடம் நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்து என்ன, அவன் இல்லத்தில் இருந்தால்தானே?

மலைஜீப்:
வாத்தியாரே, அந்தப் பையன் கூலி வாங்காவிட்டால் அந்த வீட்டில் என்ன சாப்பிட்டிருப்பார்கள்? அரிசி கார்டுக்குத் தந்த 1,000 ரூபாய் எத்தனை நாளைக்கு?

சின்னமனூர் வாத்தியார்:
அதைத்தானே நானும் கேட்கிறேன். மூடினால் கூலிக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்யாமல் மூடியதால்தான் பிள்ளை வேலைக்குப் போனான். தோட்டக்காரர் கேரளத்தில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். அங்கே கேட்டால் உங்க ஊர் ஆளு, இங்கே கேட்டால் வேலை அங்கதானே.

கூடலூர்ப் பாண்டி:
சரி, ஒரு வழி சொல்கிறேன். 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது வார்டு வார்டாகத்தான் அடைத்தார்கள். மாநில எல்லையை யாரும் பூட்டவில்லை. நோயும் அடங்கியது. அந்த மாதிரி, நோய் இருக்கிற தோட்டத்தை அடையுங்கள், மலைப்பாதையை அல்ல.

பெரியாறு செல்வி:
நிபாவையும் கொரோனாவையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நிபா வந்தவர் படுத்துவிடுவார், பெரும்பாலும் அவரைப் பார்த்துக்கொண்டவருக்குத்தான் பரவும். அதனால் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து அடைக்க முடியும். கொரோனா வந்தவன் காய்ச்சல் தெரியும் முன்பே ஜீப்பில் ஏறி வந்துவிடுவான். 2020 ஏப்ரலில் இடுக்கியில் நோயாளியே இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். அந்த மாதம் முடியும் முன்பே சிவப்பு மண்டலம். எந்த வார்டை அடைப்பீர்கள்? நாளைக்கு அப்படி ஒன்று வந்தால் முதல் சில வாரம் மூடத்தான் சொல்வேன்.

கூடலூர்ப் பாண்டி:
மூடுங்கள். ஆனால் மூடுகிற உத்தரவிலேயே, என்ன நடந்தால் திறப்போம் என்றும் அதுவரை கூலியை எந்த அரசு தரும் என்றும் எழுதுங்கள். 2020ல் ஆகஸ்ட் 22ஆம் தேதி மத்திய உள்துறை, மாநிலத்துக்கு மாநிலம் போக்குவரத்தைத் தடுக்காதீர்கள் என்று எல்லா மாநிலத்துக்கும் கடிதம் எழுத வேண்டி வந்தது. எப்போது திறப்பது என்று யாரும் எழுதி வைக்காததால்தானே?

குமுளி அண்ணாச்சி:
எழுதுங்க, ஆனால் அந்த நூற்றுக்கு எத்தனை விகிதத்தை மட்டும் எழுதாதீங்க. ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை காலி என்று பாருங்க. அதை யாரும் ஏமாற்ற முடியாது.

பெரியாறு செல்வி:
படுக்கைக் கணக்குக்குச் சம்மதம். ஆனால் எந்த ஊர்ப் படுக்கை அண்ணாச்சி? குமுளியில் ஒருத்தருக்கு மூச்சு முட்டினால் இங்கே பலர் மலை இறங்கித் தேனி க.விலக்கு மருத்துவமனைக்குத்தான் கொண்டு போவார்கள். இடுக்கி கலெக்டர் தன் மாவட்டப் படுக்கையை எண்ணித் திறப்பார், ஆள் போய் நிரப்புவது தேனியில். இரண்டு மாவட்டத்தையும் சேர்த்து எண்ணினால் ஒழிய நான் இதில் கையெழுத்துப் போட மாட்டேன்.

மலைஜீப்:
அப்போ எல்லை மூடியிருக்கும்போது அந்த மூச்சு முட்டுகிறவரை ஏற்றிக்கொண்டு என் ஜீப் கீழே இறங்கலாமா, கூடாதா? முதலில் அதைச் சொல்லுங்க அக்கா.